கொசுக்கொல்லி ஆய்வில் கணிப்பொறி ஒப்புரு

முன்னுரை

மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழைச் சரிவை அடுத்து, ஏறத்தாழ 12 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்தவை திருவில்லிபுத்தூரும் இராசபாளையமும். ஒன்று பெரியாழ்வாரும் ஆண்டாளும் தோன்றிய ஊர். மற்றொன்று பஞ்சாலைகளால் பெயர் பெற்ற ஊர். இவ்விரண்டிலும் வாழ்வோர்க்குத் தண்ணீரைச் சேர்த்து வைத்தல் அன்றாட வாழ்வின் ஒரு கூறாகும். குழாயில் நாள்தோறும் நீர் வாராத காலங்களில் சிமெண்டுத் தொட்டியும், பிளாஸ்டிக் டிரம்மும், அண்டாவும், குடமும் வீடுதோறும் நிறைத்து வைக்கப்படுகின்றன. அந்நீர் அழுக்கு நீரன்று. குடிப்பதற்கும் சமைப்பதற்கும் காத்து வைத்த தெளிந்த நீர். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி என்னும் கொசு முட்டையிட நாடுவதும் இத்தகைய நீரையே. சாக்கடையில் பெருகி இரவில் கடிக்கும் கியூலெக்ஸ் கொசு வேறு. வீட்டுக்குள் நல்ல நீரில் பிறந்து பகலில் கடிக்கும் இக்கொசு வேறு.

இராசபாளையத்திலிருந்து தெற்கே தென்காசி நோக்கிச் செல்லும் சாலையில் உள்ள கடையநல்லூர் வட்டாரம் 2012ஆம் ஆண்டில் டெங்குவினால் பெரிதும் அல்லலுற்றது. அவ்வாண்டில் தமிழ்நாட்டில் 12,000க்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாயினர். 66 பேர் உயிர் துறந்தனர். 2017ஆம் ஆண்டில் நோயுற்றோர் தொகை 23,000ஐக் கடந்தது. இறந்தோர் 65 பேர். எனவே, கொசுவைக் கொல்லும் பொருள் பற்றிய ஆராய்ச்சி, நம் தெருவில் வாழும் குழந்தைகளின் உயிரோடு தொடர்புடையது என்பது வெளிப்படை.

அண்மைக் காலத்தில், கணிப்பொறியே புதிய கொசு மருந்தைக் கண்டுபிடித்துவிட்டது என்னும் பொருள்படச் செய்திகள் வரக் காண்கிறோம். இக்கூற்று எவ்வளவு உண்மை? எவ்விடத்தில் அது வரம்பு கடக்கிறது? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரை. தமிழ்த்துறை இதழில் இதற்கு இடம் ஏன் என்று சிலர் ஐயுறலாம். இவ்வாராய்ச்சியின் உயிர்நாடி ஒப்புமை என்னும் கருத்தாகும். ஒப்புமையின் இயல்பையும் எல்லையையும் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்தவர்கள் தமிழ் இலக்கணிகள். அவர்கள் வகுத்த பாகுபாடு இப்புதிய துறையைத் தெளிவாக விளங்கிக்கொள்ளத் துணை செய்கிறது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

மருந்து என்னும் சொல்

கொசுவுக்குக் கொதுகு என்பது பழைய வடிவம். இலங்கைத் தமிழர் நுளம்பு என்பர். பெயர்கள் பல இருப்பினும், அதனைக் கொல்லும் பொருளுக்கு மக்கள் வழங்கும் பெயர் ஒன்றே. அது மருந்து என்பதாம். உழவர் பருத்திக்கு அடிப்பது பூச்சி மருந்து. மாலையில் தெருவில் அடிப்பது புகை மருந்து. களப்பணியாளர் வீடு வீடாக வந்து தொட்டி நீரில் ஊற்றுவது அபேட் மருந்து. நஞ்சை மருந்து எனல் மங்கலம் என்னும் தகுதி வழக்கின்பாற்படும்.

ஆயினும் இவ்வழக்கில் ஓர் அறிவியல் உண்மையும் அடங்கியுள்ளது. அபேட் என்பது டெமிபாஸ் என்னும் வேதிப்பொருளின் வணிகப் பெயர். குடிநீரில் அதனை இடும்போது ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்னும் அளவை மீறலாகாது என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் வரையறை. ஒரே தொட்டியில் உள்ள ஒரே பொருள், புழுவுக்கு நஞ்சாகவும் அந்நீரைப் பருகும் குழந்தைக்குத் தீங்கற்றதாகவும் இருத்தல் வேண்டும். கொல்வது எளிது, தேர்ந்து கொல்வதே அரிது. புதிய கொசுக்கொல்லியைத் தேடும் அறிஞர்களின் முதல் இடர்ப்பாடு இதுவே.

டி.டி.டி. கற்பித்த பாடம்

இரண்டாம் இடர்ப்பாட்டை வரலாறு காட்டுகிறது. மலேரியாவின் நுண்ணுயிர் கொசுவின் உடலில் வளர்வதை ரொனால்டு ராஸ் 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் செகந்தராபாத்தில் கண்டறிந்தார். டி.டி.டி. என்னும் பொருளுக்குப் பூச்சிகளைக் கொல்லும் ஆற்றல் உண்டு என்பதைச் சுவிட்சர்லாந்து நாட்டுப் பால் முல்லர் 1939இல் அறிந்தார். 1948இல் அதற்கு நோபல் பரிசு பெற்றார். இந்தியாவில் 1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 1958இல் அது ஒழிப்புத் திட்டமாக விரிந்தது. சுவர்தோறும் டி.டி.டி. தெளிக்கப்பட்டது. 1965இல் நாடு முழுவதும் மலேரியாவால் பற்றப்பட்டோர் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேரே. நோய் ஒழிந்தது என்றே பலரும் நம்பினர். ஆனால் 1976இல் அத்தொகை 64 இலட்சமாக உயர்ந்தது. காரணங்கள் பல; அவற்றுள் தலையாய ஒன்று, கொசுக்கள் டி.டி.டி.யைத் தாங்கும் தன்மை பெற்றமையாகும்.

இதனைக் 'கொசுவுக்கு மருந்து பழகிவிட்டது' என்று உலக வழக்கில் கூறுவர். இக்கூற்று பொருத்தமுடையதன்று. தனிக் கொசு எதுவும் நஞ்சுக்குப் பழகுவதில்லை. பல்லாயிரம் கொசுக்களுள் பிறப்பிலேயே சிறு வேறுபாடுடைய சில உண்டு. நஞ்சு மற்றவற்றைக் கொல்கிறது, அச்சிலவற்றை விட்டுவிடுகிறது. எஞ்சியவை பெருகுகின்றன. ஆகவே எதிர்ப்பாற்றலை நஞ்சு உண்டாக்குவதில்லை. முன்பே உள்ளதைத் தெரிந்தெடுக்கிறது. ஒரே மருந்தை நெடுங்காலம் அடித்தால் தாங்கும் கொசுவையே நாம் வளர்த்தவராவோம். பயிருக்கு அடிக்கும் மருந்தும் வீட்டில் தெளிக்கும் மருந்தும் ஒரே குடும்பத்தைச் சார்ந்தனவாயின், கழனியிலேயே இத்தெரிவு தொடங்கிவிடும்.

எழுத்துத் திரிபும் பொருள் திரிபும்

அவ்வேறுபாடு யாது? நரம்பிலிருந்து நரம்புக்குச் செய்தி செல்வதற்கு அசிட்டைல்கோலின் என்னும் பொருள் தூதாக நிற்கிறது. செய்தி சேர்ந்தவுடன் தூதை நீக்குதல் வேண்டும். இன்றேல் நரம்பு ஓயாது துடிக்கும். நீக்கும் பணியைச் செய்வது அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்னும் நொதி. இந்நொதியின் நடுவே ஆழ்ந்த ஒடுங்கிய பள்ளம் ஒன்று உண்டு; தூதுப்பொருள் அதனுள் சென்று சிதைகிறது. அபேட் முதலிய கரிமப் பாஸ்பரஸ் நஞ்சுகள் அப்பள்ளத்தில் புகுந்து பற்றிக்கொள்கின்றன. நொதி செயலற்றுப்போகப் புழு துடித்து இறக்கிறது. டி.டி.டி.யும், வீட்டுக் கொசுவிரட்டிகளில் பயன்படும் பைரித்ராய்டு வகையும் வேறோர் இடத்தை, நரம்பின் சோடியம் வாயிலை, தாக்குகின்றன.

நொதி என்பது ஒரு புரதம். இருபது வகை அமினோ அமிலங்கள் குறித்த வரிசையில் கோக்கப்பட்ட சங்கிலியே புரதமாகும். இருபது எழுத்துக்களால் ஆகிய நீண்ட சொல் என அதனைக் கருதலாம். அரம் என்பதும் அறம் என்பதும் ஓரெழுத்தால் வேறுபட்டுப் பொருளால் முற்றிலும் வேறாதல்போல, புரதத்திலும் ஓரெழுத்து மாறின் இயல்பு மாறும். மேற்கூறிய நொதியில் 119ஆம் இடத்தில் கிளைசின் என்பது செரின் எனத் திரிந்தால், நஞ்சு பள்ளத்தில் பொருந்தாது. கியூலெக்ஸ், அனோபிலிஸ் இனங்களில் இத்திரிபு உள்ளதைப் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் 2003இல் வெளியிட்டனர். ஒரு நுட்பம் ஈண்டுக் கருதற்குரியது. 119 என்னும் எண் கொசுவின் நொதியை எண்ணிப் பெற்றதன்று. மின்திருக்கை என்னும் கடல்மீனின் நொதியை அளவுகோலாகக் கொண்டு இட்டது. கொசுவை அறிய மீன் அளவுகோலானது எங்ஙனம் என்பதை அடுத்துக் காண்போம்.

ஒப்புரு அமைக்கும் முறை

பூட்டின் வடிவம் தெரிந்தால் அதற்கேற்ற சாவியை வரைந்து பார்க்கலாம். அவ்வாறே நொதியின் வடிவம் தெரிந்தால் அதனை அடைக்கும் பொருளைக் கணக்கிட்டுத் தேடலாம். பழைய முறையில், ஒரு புதிய பூச்சிக்கொல்லி கடைக்கு வருவதற்குமுன் இலட்சத்திற்கு மேற்பட்ட சேர்மங்களை ஆய்ந்து கழித்தல் வேண்டியிருந்தது. அக்கழித்தலின் பெரும்பகுதியைக் கணிப்பொறியிடம் ஒப்படைப்பதே இம்முறையின் நோக்கம்.

இவ்வாறு அமைக்கும் வடிவத்தை மாதிரி என்றே நாம் வழங்கி வருகிறோம். அச்சொல் இங்கு மயக்கம் தருவது. களப்பணியாளர் தொட்டியிலிருந்து எடுத்துச் செல்லும் நீரும் மாதிரிதான். கணிப்பொறியில் அமைக்கும் வடிவமும் மாதிரிதான் எனில், முன்னது பொருளின் ஒரு பகுதி என்பதும் பின்னது பொருளுக்கு ஒப்பாகப் புனைந்த ஒன்று என்பதும் மறைந்துபோகும். ஆகவே பின்னதனை ஒப்புரு என இக்கட்டுரை குறிக்கிறது.

ஒப்புரு அமைப்பதற்கு முதற்கண் எழுத்து வரிசை தெரிதல் வேண்டும். ஆப்பிரிக்காவில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் காம்பியே என்னும் கொசுவின் மரபணு வரிசை முழுமையும் 2002இலும், ஏடிஸ் எஜிப்டியின் வரிசை 2007இலும் வெளியாயின. ஆனால் வரிசை தெரிந்தமையால் வடிவம் தெரிந்துவிடாது. சங்கிலி எங்ஙனம் மடிகிறது என்பதே வடிவம். இதற்கு உறவுடைய வேறொரு புரதத்தின் அறியப்பட்ட வடிவம் துணையாகிறது. மின்திருக்கையின் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் வடிவத்தை எக்ஸ்-கதிர் கொண்டு 1991இல் இசுரேல் நாட்டு அறிஞர்கள் கண்டனர். இரண்டும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை ஆதலின், மீனின் வடிவத்தின்மீது கொசுவின் எழுத்துக்களை ஏற்றி ஒப்புரு அமைக்கலாம். பாடம் சிதைந்த ஓர் ஏட்டை, அதன் கிளைப்படி ஒன்றைத் துணைக்கொண்டு பதிப்பாசிரியர் செப்பம் செய்வதை இது ஒத்தது.

அமைத்த ஒப்புரு இயல்பானதா என்பதை எவ்வாறு அறிவது? இங்கே தமிழகத்தின் பங்கு சிறந்து நிற்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய மூவரும் 1963இல் ஒரு வரைபடத்தை வெளியிட்டனர். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கணுவிலும் எக்கோணங்கள் இயலும், அணுக்கள் ஒன்றோடொன்று மோதுவதால் எக்கோணங்கள் இயலா என்பதை அது காட்டுகிறது. வெண்பாவில் வெண்டளையன்றிப் பிற தளை விரவாது என யாப்பு வரையறுப்பது போன்றது அது. இராமச்சந்திரன் வரைபடம் என்றே உலகம் அதனை வழங்குகிறது. இன்று எந்நாட்டில் எக்கொசுவின் புரதத்திற்கு ஒப்புரு அமைத்தாலும், கிண்டியில் பிறந்த அவ்வரைபடத்தால் அதனைச் சோதிப்பது வழக்கம்.

அடுத்தது பொருத்திப் பார்த்தல். நொதியின் பள்ளத்தில் ஒரு சிறு மூலக்கூறு எவ்வெவ் வகையில் பொருந்தும் எனக் கணிப்பொறி கொண்டு காணும் முறையை அமெரிக்க அறிஞர் குன்ட்சும் அவர்தம் குழுவினரும் 1982இல் வகுத்தனர். ஆயிரக்கணக்கான சேர்மங்களை ஒவ்வொன்றாகத் திருப்பியும் புரட்டியும் பள்ளத்தில் வைத்து, பிணைப்பின் வலிமைக்கு மதிப்பெண் இட்டுப் பட்டியல் ஆக்குவது அம்முறை. பூட்டின் வடிவம் தெரியாதபோதும் செய்யத்தக்க முறை ஒன்றுண்டு. சேர்மங்களின் பண்புகளுக்கும் அவற்றின் ஆற்றலுக்கும் உள்ள தொடர்பைச் சமன்பாடாக்கும் அம்முறையை ஹான்சும் புஜிட்டாவும் 1964இல் நிறுவினர். அண்மையில் செயற்கை நுண்ணறிவு கொண்டு, எழுத்து வரிசையிலிருந்தே வடிவத்தைக் கணிக்கும் ஆல்பாபோல்டு என்னும் முறை தோன்றியுள்ளது. அதனை ஆக்கியோர் 2024ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

ஒரு சான்று

இம்முறையின் ஆற்றலுக்கு ஒரு சான்று காட்டுதல் போதும். அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் யுவான்-பிங் பாங் என்பார் அனோபிலிஸ் காம்பியேயின் அசிட்டைல்கோலினெஸ்டரேசுக்குக் கணிப்பொறியில் ஒப்புரு அமைத்து 2006இல் வெளியிட்டார். பள்ளத்தின் வாயிலில் சிஸ்டீன் என்னும் அமினோ அமிலம் ஒன்று நிற்பதை அவ்வொப்புரு காட்டியது. சிஸ்டீனில் கந்தக அணு உண்டு. அதனோடு பிற பொருள்கள் பிணைதல் இயலும். மனிதனின் நொதியில் அதே இடத்தில் சிஸ்டீன் இல்லை. எனவே அக்கந்தகத்தைப் பற்றும் பொருளை ஆக்கினால், அது கொசுவின் நொதியை முடக்கும். மனிதனின் நொதியை விட்டுவிடும். தேர்ந்து கொல்வதே அரிது என மேலே கூறிய இடர்ப்பாட்டிற்கு இங்கே ஒரு வழி புலப்படுகிறது. அத்தகைய சேர்மங்கள் ஆக்கப்பட்டு, கொசுவின் நொதியை அவை முடக்குவது ஆய்வுக்கூடத்தில் காட்டப்பட்டது. திரிபுற்ற கொசு நொதியின் வடிவத்தை எக்ஸ்-கதிர் கொண்டு நேரே கண்ட முடிவு 2018இல் வெளியாயிற்று. மீனை அளவுகோலாகக் கொண்டு கருதியதைக் கொசுவிலேயே பார்க்கும் வாய்ப்பு அதனால் கிட்டியது.

எனினும், 2006இல் கண்ட அவ்வழி இன்னும் களப்பணியாளர் கையில் உள்ள புட்டியாக மாறவில்லை. ஏன் என்பதை அறிய உவமவியலை நாடலாம்.

வினை, பயன், மெய், உரு

உவமம் தோன்றும் நிலைக்களன்களை வினை, பயன், மெய், உரு எனத் தொல்காப்பியர் நான்காக வகுத்தார். மெய் என்பது வடிவு. உரு என்பது நிறம். இவற்றுள் நிறத்திற்கு மூலக்கூற்று ஆராய்ச்சியில் இடமில்லை. ஏனைய மூன்றும் ஈண்டு நன்கு பொருந்துகின்றன.

கணிப்பொறி ஒப்புரு முதலாவதாக மெய்யுவமம். நொதியின் வடிவை அது ஒத்திருக்கிறது. இரண்டாவதாக, ஓரளவே வினையுவமம்; பொருள் பள்ளத்தில் சென்று பிணையும் வினையை அது முன்னறிவிக்கிறது. ஆயின், புழு இறத்தல் என்னும் பயனில் அது உவமம் ஆதல் இல்லை. வடிவொத்தது வினையும் ஒக்கும் என்பதோ, வினையொத்தது பயனும் ஒக்கும் என்பதோ நியதியன்று. தாமரை போன்ற முகம் என்றால், முகம் நீரில் வேர்கொள்ளும் என எவரும் கொள்ளார். ஒருபுடை ஒப்புமையே உவமையின் இயல்பு.

பயன் ஏன் பிறழ்கிறது? முதலாவது, நஞ்சு புழுவின் மேல்தோலையோ குடலையோ கடந்து நரம்பை எட்டுதல் வேண்டும். கணிப்பொறியில் பள்ளம் திறந்தே கிடக்கிறது. புழுவில் அதற்குப் பல மதில்கள் உண்டு. இரண்டாவது, ஏடிஸ் கொசு டெமிபாஸைத் தாங்குவது பெரும்பாலும் பள்ளத்தின் திரிபால் அன்று. எஸ்டரேஸ் முதலிய வேறு நொதிகள் நஞ்சை வழியிலேயே சிதைப்பதால் ஆகும். பூட்டை மட்டும் காட்டும் ஒப்புருவில் வழியில் நிற்கும் அக்காவலர் தோன்றுவதில்லை. மூன்றாவது, நீரிலும் வெயிலிலும் அப்பொருள் எத்தனை நாள் நிலைக்கும் என்பது வேறு வினா. நான்காவது, மீனுக்கும் தேனீக்கும் மனிதர்க்கும் அதனால் விளைவது என்ன என்பதைத் தனியே ஆராய்தல் வேண்டும்.

ஆதலின் கணிப்பொறியின் பட்டியலில் முதலிடம் பெற்ற பொருளும் ஒரு சிறு கிண்ணத்தின் முன் நிற்க வேண்டியதே. 100 மில்லிலிட்டர் நீரில் 25 கொசுப்புழுக்களை விட்டு, நஞ்சை அளந்து இட்டு, 24 மணி நேரம் கழித்து இறந்தவற்றை எண்ணுவது உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்த சோதனை. அதன் பின்னரே களச் சோதனை. புதுச்சேரியில் 1975இல் தோன்றிய நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையமும், நெல்வயற்கொசு பரப்பும் மூளைக்காய்ச்சலை நெடுநாள் ஆராய்ந்த மதுரை நிலையமும் இத்தகைய களப்பணியில் ஈடுபட்டவை.

கணிப்பொறியின் துணையின்றியே கிடைத்த நற்பொருள்களும் உண்டு. கொசுப்புழுவை மட்டும் தேர்ந்து கொல்லும் பி.டி.ஐ. என்னும் பாக்டீரியம் 1976இல் இசுரேலின் நெகேவ் பாலையில், தேங்கிய நீர்நிலை ஒன்றில் கிடைத்தது. அதன் உள்நாட்டு வகை ஒன்றைப் புதுச்சேரி மையம் பிரித்தெடுத்து, பி-17 எனப் பெயரிட்டுப் பயன்பாட்டிற்குக் கொணர்ந்தது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் தகுதிப் பட்டியலில் 2023இல் இடம்பெற்ற புரோபிளானிலைடு என்னும் புதுவகை நஞ்சு, வேளாண் வேதியியலின் தேடலிலிருந்து வந்தது. ஆகவே கணிப்பொறி தேடலை விரைவாக்கும் துணை. தேடல் முழுவதும் அதுவன்று.

தொட்டியும் ஒப்புருவும்

மீண்டும் இராசபாளையத்துத் தெருவுக்கு வருவோம். எத்துணைச் சிறந்த பொருள் கிடைத்தாலும், அது சேர வேண்டிய இடம் வீட்டின் பின்கட்டில் உள்ள டிரம். குடிநீரில் நாற்றம் வரும் என அஞ்சி, மருந்து ஊற்ற வேண்டா என்று மறுப்போர் உண்டு. ஊற்றிய நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீர் பிடிப்போரும் உண்டு. இவ்வச்சமும் இப்பழக்கமும் எந்த ஒப்புருவிலும் இடம்பெறாதவை.

முட்டை கொசுவாக மாற ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்தால் அவ்வளர்ச்சி அறுபடும். ஆனால் கொட்டுவது மட்டும் போதாது. இக்கொசு நீர்மட்டத்திற்குச் சற்று மேலே சுவரில் முட்டைகளை ஒட்டிவைக்கிறது. அவை உலர்ந்த நிலையிலும் பல மாதம் உயிரோடு இருக்கும். மீண்டும் நீர் ஏறியதும் பொரிக்கும். எனவே தேங்காய் நார் கொண்டு உட்சுவரைத் தேய்த்துக் கழுவுதல் இன்றியமையாதது. நிறைத்த பின் இடைவெளியின்றி மூடுதலும் வேண்டும். இச்செயலுக்கு எதிர்ப்பாற்றல் பெறும் கொசு இல்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவது யாதெனில், கணிப்பொறி ஒப்புரு ஓர் உவமை, உருவகம் அன்று. உவமையில் பொருளும் ஒப்பும் வேறு வேறாக நிற்கும். உருவகத்தில் அவ்வேற்றுமை நீக்கி ஒன்றே எனச் சொல்லப்படும். அறிவியலார் தம் ஒப்புருவை உவமையாகவே கொண்டு, எங்கு ஒக்கும், எங்கு ஒவ்வாது எனக் கிண்ணத்திலும் களத்திலும் ஆராய்கின்றனர். செய்தியாக மாறும்போது 'போல' என்னும் உருபு மறைந்து, 'கணிப்பொறி மருந்து கண்டது' என்னும் உருவகம் ஆகிவிடுகிறது. அதனை நம்புவோர் தொட்டியைக் கழுவாது மருந்துக்குக் காத்திருப்பர். மருந்து வாராதபோது அறிவியலையே ஐயுறுவர். இரண்டும் தீங்கே.

அறிவியலைத் தமிழில் எழுதுவோர்க்கும் எழுதப் பயிலும் முதுகலை மாணவர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. கலைச்சொல் ஆக்குவதோடு அக்கடமை முடிவதில்லை. ஒப்புமையின் எல்லை மறையாதவாறு தொடர் அமைத்தலும் அதனுள் அடங்கும். 'இப்பொருள் நொதியின் ஒப்புருவில் பொருந்துகிறது. புழுவில் சோதிக்கப்படவில்லை' என எழுதுவதற்கு ஒரு வரிதான் கூடுதலாகத் தேவை. அவ்வொரு வரியை விடாது எழுதினால், திருவில்லிபுத்தூரில் அதனைப் படிக்கும் தாய் புதிய மருந்தை எதிர்நோக்குவதோடு, இந்த வாரத் தொட்டியையும் கழுவி மூடுவார்.